துளைகளை மூடும் மருந்து

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. ஐஸ் உருகவில்லை, குப்பி எதுவும் உடையவில்லை. உங்கள் ஆராய்ச்சிக்கூடத்து வேன்காரர் என் தையல் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "உங்க அக்கா குடுத்தாங்க, கவுத்துடாம வெக்கச் சொன்னாங்க, பதில் கடுதாசி வாங்காம வரக் கூடாதுன்னும் சொன்னாங்க" என்று அசையாமல் நின்றார். அடுத்த தடவை தருகிறேன் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

இதை நானாக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெண்டாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தண்டனை எழுத வைக்கிற மாதிரி. ஊரே அவளை டீச்சர் என்கிறது, நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். "உங்க அக்காவோட பேசாம இருக்கறது போதும், எழுதுங்க" என்கிறாள்.

எனக்குப் போதவில்லை. இரண்டு வருஷம் முன்னால் நான் நினைவில்லாமல் கிடந்தேன், நீ கையெழுத்துப் போட்டாய். கண் விழித்தால் வயிற்றில் ஒரு ஓட்டை, அதன்மேல் ஒரு பை. யாரைக் கேட்டுப் போட்டாய்? அதற்கு டாக்டர் ஸ்டோமா என்று பெயர் சொல்கிறார். நான் பக்கத்து வீட்டுக்காரர் என்கிறேன், நேரம் காலம் பார்க்காமல் சத்தம் போடுவதால். துணி அளவெடுக்க ஆள் நிற்கும்போது அவர் வாய் திறந்தால் மேஜை விசிறியை வேகமாக வைக்கிறேன்.

பெருங்குடல் இன்னும் புண்ணாகத்தான் இருக்கிறது. அதற்கு ஓய்வு கொடுக்கத்தான் சிறுகுடலின் ஒரு வளைவை வெளியே இழுத்து வழி விட்டிருக்கிறார்கள். புண் ஆறினால் ஓட்டையைத் தைத்து மூடலாமாம். ஆறாவிட்டால் பெருங்குடலையே எடுக்க வேண்டுமாம். எதுவானாலும் கத்திதான். இனி என் உடம்பில் கத்தி படக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கத்தரி பிடித்துப் பிழைக்கிறவன்தான் நான், ஆனால் துணிக்கு வலிக்காது.

குப்பியில் பெயரே இல்லை, 17 என்று மட்டும் இருக்கிறது. இது என்ன என்று எழுது. நான் போட்டுக்கொள்கிறேன், உனக்காக அல்ல. என் மகள் வாலு என் மடியில் ஏறும்போதெல்லாம் "வயித்துல இடிக்காதே" என்று கத்த வேண்டியிருக்கிறது. நான்கு வயசுப் பிள்ளை இப்போது என் பக்கத்தில் வரும்போதே ஒதுங்கி வருகிறாள்.

தம்பி

*

பிப்ரவரி 11

டேய் ஒல்லி,

இரண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறாய், அதிலும் பாதிக் கடிதம் வசவு. பரவாயில்லை. உன் கையெழுத்தைப் பார்த்ததே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் இப்படி என்னைத் திட்ட நீ இருந்திருக்க மாட்டாய். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் நானும் வாய்க்கு வந்தபடி எழுதிவிடுவேன்.

இனி விஷயம். குப்பியில் இருப்பது பெப்டைடு. புரதம் என்பது நீளமான மணிமாலை என்று வைத்துக்கொள், இது அதில் ஒரு சின்னத் துண்டு. உன் உடம்பே உன் குடலை எதிரி என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது. இந்தத் துண்டு உள்ளே போய் "போதும், நிறுத்து" என்று சொல்லும். அழற்சி அடங்கும், புண் மூடும். பதினாறு விதமாகக் கோத்துப் பார்த்தோம், ஒன்றும் உருப்படவில்லை. பதினேழாவது வேலை செய்தது. சுண்டெலிகளின் குடலைத் திறந்து பார்த்தேன், குழந்தையின் குடல் மாதிரி இருந்தது. மருந்தால் ஒரு எலிகூடச் சாகவில்லை.

மனிதருக்கு இன்னும் கொடுத்ததில்லை. நீதான் முதல். இது வெளியே தெரிந்தால் என் வேலை போகும், ஒருவேளை அதற்கு மேலும் போகும். டாக்டரிடம் சொல்லாதே. இங்கே சோதனை முடியும்வரை யாரும் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது, போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை, அந்த மட்டுக்குப் பிழைத்தேன். அதனால் நமக்கு வேன்காரர்தான் எல்லாம்.

தினம் காலையில் தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு ஊசி. டீச்சரைப் போடச் சொல், நீ கண்ணை மூடிக்கொண்டு கண்ட இடத்தில் குத்துவாய்.

இங்கே ஒரே ஒரு தலைவலி. எந்த எலி எது என்று தெரிய அதன் காதில் துளை போடுவோம். இடக்காதில் மேலே என்றால் ஒரு எண், கீழே என்றால் இன்னொரு எண். நான்தான் போடுகிறேன். கொஞ்ச நாளாகச் சில எலிகளின் காதில் துளையே இல்லை. கருவி மழுங்கிவிட்டதோ, நான்தான் சிலதை விட்டுவிட்டேனோ தெரியவில்லை. அடையாளம் இல்லாததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி, எனவே அவற்றைத் தனிக் கூண்டில் ஒதுக்கி வைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி மாற்றும் வயசு வந்துவிட்டது எனக்கு.

வாலுவுக்கு முத்தம். அவளிடம் அத்தை என்று ஒருத்தி இருப்பதையாவது சொல்லி வை.

அக்கா

*

மார்ச் 2

அக்கா,

இந்தக் கடிதத்தை யாரும் எதிரே உட்கார்ந்து எழுத வைக்கவில்லை.

வலி நின்றுவிட்டது. குறைந்தது என்று எழுதவில்லை, நின்றுவிட்டது என்று எழுதுகிறேன். பையில் ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. நேற்று ஒரு ஆப்பிளைத் தோலோடு தின்றேன். டீச்சர் கையில் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்திலேயே நின்றாள், எந்த நேரமும் நான் சுருண்டு விழுவேன் என்று. தின்று முடித்து ஏப்பம் விட்டேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அழுதோம். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "என்னங்க சாப்பிடறீங்க? எல்லாருக்கும் எழுதிக் குடுக்கலாம் போலிருக்கே" என்றார். நான் திருட்டு முழி முழித்தேன்.

உன்மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அதைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது இப்போது.

ஒரு வேடிக்கை கேள். ஊசி பிடித்துப் பிடித்து என் நடுவிரலில் காய்த்துப்போயிருக்கும் அல்லவா, தோல் உரித்தாலும் போகாதே, அது போய்விட்டது. விரல் நுனி எல்லாம் பிறந்த குழந்தைக்கு மாதிரி இருக்கிறது. ஊசி குத்தினால் ஒரு சொட்டு ரத்தம் வரும், துடைப்பதற்குள் குத்திய இடம் காணாமல் போகும். வாலுவுக்கு இது பெரிய மேஜிக். "அப்பா, இன்னொரு தடவை!" என்று கை தட்டுகிறாள். அவளுக்காகவே குத்திக்கொள்கிறேன், அவ்வளவாக வலிப்பதும் இல்லை. கல்லூரிக் காலத்தில் ஒரு காதில் கடுக்கன் போட்டுக்கொண்டு உன்னிடம் அறை வாங்கினேனே, அந்த ஓட்டையும் மூடிவிட்டது. தோளில் அம்மைத் தடுப்பூசித் தழும்பும் இல்லை. டீச்சர் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "நான் வேற யாரையோ கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை.

இன்னும் குப்பி அனுப்பு. பெட்டியில் வாலு உனக்குத் துண்டுத் துணியில் செய்த பூ இருக்கிறது. பூ என்று அவள்தான் சொல்கிறாள்.

தம்பி

*

மார்ச் 9

ஒல்லி,

உன் குடல் ஆறிய செய்தி படித்து, கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன். இங்கே யாரிடமும் சொல்ல முடியாது பார்.

ஆனால் அந்தத் தழும்பு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்த கையோடு எலி அறைக்குப் போனேன். அடையாளம் இல்லாத கூண்டிலிருந்து ஒன்றை எடுத்து, புதுக் கருவியால் காதில் துளை போட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், துளை வழியே விளக்கு தெரிந்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் காது முழுசாக இருக்கிறது. தழும்புகூட இல்லை, முடியும் முளைத்திருக்கிறது.

நான் போட மறக்கவில்லையடா. போட்ட துளைகளை அவை மூடிக்கொண்டிருக்கின்றன. எவற்றுக்கு மருந்து அதிகமாக வேலை செய்ததோ அவற்றைத்தான் அடையாளம் இல்லை என்று நான் கணக்கிலிருந்து தள்ளியிருக்கிறேன். மீதி எலிகளை வைத்துக்கொண்டு "ஒரு குறையும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன், அதை நம்பி உனக்கும் அனுப்பியிருக்கிறேன்.

பயப்படாதே. ஊசியைப் பாதியாகக் குறை. இந்தப் பெட்டியில் அரைக் குப்பிகள்தான் வைத்திருக்கிறேன். வயிற்றில் இருக்கும் வாயைத் தினமும் டீச்சரை அளந்து பார்க்கச் சொல், உன் அளவு நாடா போதும். அது சுருங்கினால் உடனே எழுது. அந்தக் கூண்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நான் பார்த்தது சரியா என்று தெரிந்துகொண்ட பிறகு எழுதுகிறேன். அவை ரொம்ப அமைதியாக இருக்கின்றன. கூண்டைத் தட்டினாலும் ஓடுவதில்லை.

பூ என் மேஜைமேல் இருக்கிறது. அது பூ என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன்.

அக்கா

*

மார்ச் 16

அக்கா,

பக்கத்து வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்!

சுருங்கினால் எழுது என்றாய். உன் கடிதம் வரும்போதே பாதி சுருங்கியிருந்தது. பிறகு பொத்தான் அளவு, பிறகு ஊசிக் காது அளவு. திங்கட்கிழமை காலையில் பையை எடுத்தால் உள்ளே ஒன்றுமில்லை, அடியில் வெறும் வயிறு. கத்தி இல்லை, தையல் இல்லை. உள்ளே அடைத்துக்கொண்டு சாகப் போகிறேன் என்று நினைத்தேன். மத்தியானம் எல்லா மனுஷரையும் போலக் கழிப்பறைக்குப் போனேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு! டீச்சர் கதவுக்கு வெளியே நின்று "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வாய் பிளந்தார். இப்படி அபூர்வமாக நடப்பதுண்டு என்று புத்தகத்தைப் புரட்டினார்.

இந்த நேரத்தில் நீ குறை என்கிறாய். மாட்டேன் அக்கா. அரைக் குப்பி அனுப்பினால் இரண்டாகச் சேர்த்துப் போட்டுக்கொள்கிறேன். ஒரு தடவை என்னைக் கேட்காமல் என் வயிற்றைத் திறக்கச் சொன்னாய். இப்போது அதுவாக மூடிக்கொள்கிறது, அதிலும் வந்து மூக்கை நுழைக்கிறாய். எலிக்குக் காது மூடினால் எனக்கென்ன? வாலு என் வயிற்றின்மேல் ஏறிக் குதிக்கிறாள். அது போதும் எனக்கு.

வலி என்பதே இப்போது இல்லை. சனிக்கிழமை மிஷினில் தைத்துக்கொண்டிருந்தேன், துணி நகரவில்லை. நூல் சிக்கிவிட்டது என்று குனிந்து பார்த்தால் ஊசி என் ஆள்காட்டி விரல் நகத்துக்குள் இறங்கி நிற்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. சக்கரத்தைத் திருப்பி விரலை எடுத்தேன், நகம் மூடிக்கொண்டது. வேலைக்கு எவ்வளவு சௌகரியம் பார். டீச்சர்தான் அதைப் பார்த்ததிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. என்னைத் தொடும்போது ஒரு நொடி யோசித்துவிட்டுத் தொடுகிறாள்.

தம்பி

*

மார்ச் 20

தம்பி,

நிறுத்து. இன்றைக்கே நிறுத்து. இந்தப் பெட்டியில் குப்பி கிடையாது, கடிதம் மட்டும்தான். மீதியிருப்பதைச் சாக்கடையில் கொட்டு.

அந்தக் கூண்டைப் பற்றி எழுதுகிறேன். போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், உன் சந்தோஷத்தில் மண் விழும் என்று கையைப் பிசைந்துகொண்டு இருந்துவிட்டேன். குளிருக்கு எலிகள் ஒன்றையொன்று அணைத்துப் படுக்கும். கூண்டைச் சுத்தம் செய்ய ஒன்றைத் தூக்கினேன், கூடவே இன்னொன்றும் வந்தது. கவ்விக்கொண்டிருக்கிறது என்று நினைத்து உதறினேன், பிரியவில்லை. எண்ணிப் பார்த்தேன். தலைகள் சரியாக இருந்தன, உடம்புகள்தான் குறைவாக இருந்தன.

ஒன்றின் கீறல் இன்னொன்றின் கீறல்மேல் பட்டுக் கிடந்தால் அவற்றுக்கு எது யாருடைய காயம் என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே காயமாக ஆற்றிவிடுகின்றன. தோல் மட்டுமல்ல, சதை, ரத்தக் குழாய், எல்லாம். மருந்தே போடாத எலியையும் ஒருமுறை தவறிப்போய் அந்தக் கூண்டில் விட்டிருந்தேன். அதுவும் ஒட்டியிருக்கிறது. அதன் காதில் நான் போட்ட துளையும் மூடியிருக்கிறது.

இரண்டு ஜோடிகளைப் பிரித்துப் பார்த்தேன். முதல் ஜோடியைச் சரியாக நடுவில் வெட்டினேன். பெரியது பிழைத்தது. சின்னது, அதிலிருந்து பெரியதோடு போன பங்கின் இழப்பைத் தாங்க முடியாமல், என் கையிலேயே செத்தது. அடுத்த ஜோடியைப் பெரியதன் பக்கம் நன்றாகத் தள்ளி வெட்டினேன். சின்னது இப்போது வேறு அறையில் ஓடி விளையாடுகிறது. பெரியது மறுநாள் வரைதான் இருந்தது.

புரிகிறதா? உன் உடம்பில் சின்னக் கீறல் இருந்தால்கூட யாரையும் தொடாதே. கட்டுப் போட்டு மூடு. டீச்சர் யோசித்துத் தொடுவதாக எழுதினாய். அவள் யோசிக்கட்டும், அதுதான் சரி.

வேன் பழுதாகி நிற்கிறது என்கிறார்கள். எப்போது கிளம்பினாலும் முதலில் இது உன் கைக்கு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

வேன் வரவில்லை, உன்னிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. கோபமா? போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். இதைத் தபாலில் போடுகிறேன்.

ஒரு சின்ன சந்தேகம் கேட்க வேண்டும். நேற்று வாலு மூன்று சக்கர சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அப்படி ஒரு அழுகை, தெருவே கூடிவிட்டது. டீச்சர் பள்ளியில் இருந்தாள். கடைக்குள் தூக்கி வந்து மேஜையில் உட்கார வைத்தேன், எதற்கும் அடங்கவில்லை. சரி, மேஜிக் காட்டலாம் என்று கத்தரி முனையால் என் இடது கையில் லேசாகக் கீறினேன். மூடுவதை அழுதபடியே பார்த்தாள். "எனக்கும் அப்படிப் பண்ணு" என்றாள்.

அவளுக்கு எப்படிப் பண்ணுவது? நீ மருந்து உள்ளே போய் "போதும்" என்று சொல்லும் என்று எழுதியிருந்தாய். என் ரத்தத்தில்தான் அது ஓடுகிறதே, கொஞ்சம் அவளுக்கும் சொல்லட்டுமே என்று தோன்றியது. இன்னொரு கீறல் போட்டு அவள் முழங்கையை அதன்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். உடனே அழுகை நின்றது. "வலிக்கல அப்பா" என்றாள். அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நானும் கண்ணயர்ந்துவிட்டேன். எத்தனை நாளைக்கப்புறம் அவள் என்மேல் தூங்குகிறாள் தெரியுமா!

விழித்தபோது கை வரவில்லை. ரத்தம் காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று வெந்நீர் விட்டோம். டீச்சர் எண்ணெய் தடவிப் பார்த்தாள். நேற்று ஒரு காசு அளவு ஒட்டியிருந்தது, இன்று என் உள்ளங்கை அளவு. எங்கே நான் முடிகிறேன், எங்கே அவள் ஆரம்பிக்கிறாள் என்று கோடே தெரியவில்லை. மெல்ல இழுத்தால் அவள் தோள் சேர்ந்து வருகிறது.

வாலுவுக்கு ஜாலி. அப்பாவோடேயே இருக்கலாமாம். நானும் அவளுக்கு முன்னால் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். டீச்சர் ஒரு மூலையில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள். இது தானாக விட்டுவிடும் அல்லவா? உங்கள் எலிகளுக்கு இப்படி ஏதாவது ஆனதா?

தம்பி

*

மார்ச் 25

தம்பி,

உன் தபால் இப்போதுதான் கிடைத்தது. என் கடிதம் பழுதான வேனுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. நேற்றுதான் வண்டி கிளம்பியது, இந்நேரம் அதைப் படித்திருப்பாய்.

இழுக்காதே. எண்ணெய், வெந்நீர், எதுவும் வேண்டாம். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல், என் பெயரையும் சொல். நான் இங்கே இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தினார், பிறகு அவரே எலி அறைக்கு வந்து பார்த்தார், பிறகு கத்தவில்லை. என்னை வெளியே விட ஒப்புக்கொண்டார், போனை மட்டும் தர மாட்டேன் என்கிறார். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், இங்கே வேறு வண்டி கிடையாது, வேன் திரும்பி வந்ததும் அதிலேயே ஏறி வருகிறேன்.

எவ்வளவு சீக்கிரம் பிரிக்கிறோமோ அவ்வளவு நல்லது. எங்கே வெட்டுவது என்பதை மட்டும் நான் வந்து சொல்கிறேன். அதுவரை டாக்டர்களைக் கை வைக்க விடாதே. எனக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரம் கொடு. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவள். எதை எழுதினாலும் பேனா நகர மாட்டேன் என்கிறது.

டீச்சரைத் திட்டாதே. அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 27

அக்கா,

வேன்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார். இங்கிருந்து நேரே உன்னிடம்தான் வருகிறார். வண்டியில் ஏறியதும் இதைப் படித்துவிடு, இங்கே வந்து படித்தால் நேரம் போய்விடும்.

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. டாக்டரிடமும் காட்டினேன். படம் எடுத்தார்கள். என் இடது கையிலிருந்து ஒரு ரத்தக் குழாய் புறப்பட்டு அவள் தோள்வரை போகிறது. இப்போது முழங்கைக்குக் கீழே எனக்குத் தனியாகக் கை என்று இல்லை, விரல்கள் மட்டும் அவள் முதுகுப் பக்கம் வெளியே தெரிகின்றன. அவற்றை அசைத்து அவளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறேன். அவள் காதில் கம்மல் இல்லை. தலையணையில் விழுந்து கிடந்தது. காதில் துளை இல்லை.

காலையில் அவள் பால் குடித்தாள், என் பசி அடங்கியது. "ஒரு தட்டு போட்டா ரெண்டு பேருக்கும் ஆச்சு, எனக்கு வேலை மிச்சம்" என்று டீச்சர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வெளியே போனாள். நடையில் அவள் அழுவது கேட்டது. பிறகு வந்து, இத்தனை நாளில் முதல் தடவையாக, யோசிக்காமல் என் தலையைக் கோதினாள்.

இனி சொல்லப் போவதை அவளிடம்கூடச் சொல்லவில்லை. நர்ஸ் ரத்தம் எடுக்க என் வலது கையில் ஊசி குத்தினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எனக்குத்தான் வலி போய் நாளாயிற்றே. வாலு தூக்கத்தில் தன் வலது கையை உதறிக்கொண்டு முனகினாள். தற்செயல் என்று நினைத்தேன். நர்ஸ் போனதும் வாலுவை எழுப்பி, ஜன்னல் பக்கம் வேடிக்கை காட்டி, அவள் பார்க்காதபோது என் தொடையைப் பலமாகக் கிள்ளினேன். எனக்கு மரத்துப்போன மாதிரி இருந்தது. அவள் திரும்பி, உதடு பிதுங்க, "ஏன்ப்பா என்னைக் கிள்ளுறே?" என்று கேட்டாள்.

என் வலியெல்லாம் தீர்ந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் அக்கா. அது தீரவில்லை. இறங்க ஒரு இடம் கிடைத்ததும் அங்கே போய் இறங்கியிருக்கிறது.

டாக்டர் நடுவில் வெட்டலாம் என்கிறார், இரண்டு பேருக்கும் சமமாக, எலிக்கு நடந்ததெல்லாம் மனுஷருக்கு நடக்காதாம். எங்கே வெட்டுவது என்று நீ வந்து சொல்வதாக எழுதியிருக்கிறாய். சொல்ல வேண்டாம். ஒரு தடவை அந்தப் பாரத்தை நீ சுமந்தாய், அதற்காக இரண்டு வருஷம் நான் உனக்கு முகம் கொடுக்கவில்லை. இன்னொரு தடவை உன்னைச் சுமக்க விட மாட்டேன். தாளில் நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன், வலது கை நன்றாகத்தான் இருக்கிறது.

கடையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்கட்டியைக் கொண்டுவரச் சொல்லி, என் கையில் நானே கோடு போட்டுவிட்டேன். வளரும் பிள்ளைக்குச் சட்டை தைத்தால் உள்ளே தாராளமாகத் துணி விட்டு மடித்துத்தான் தைப்போம், பின்னால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று. அப்படித்தான் விட்டிருக்கிறேன். ஒட்டிய இடம் மொத்தமும் அவளுக்கு. கோடு என் முழங்கைக்கு நன்றாக மேலே, தோளுக்குப் பக்கத்தில் போகிறது. பெரிய எலி மறுநாள் வரை இருந்தது என்று எழுதியிருந்தாயே, படித்தேன். நான் எலியைவிடக் கொஞ்சம் பெரியவன், பார்ப்போம். கோடு அழிந்திருந்தால் மறுபடி போட டீச்சருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

உன்னால் ஆக வேண்டியது ஒன்றுதான். வெட்டு பெரியவருக்கு, அவருக்கு முழுசாக மயக்கம் கொடுப்போம், குழந்தைக்குத் தூங்கும்படி லேசாகக் கொடுத்தால் போதும் என்கிறார்கள் இங்கே. நான் சொன்னால் பயத்தில் உளறுகிறேன் என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். நீ படித்தவள், மருந்தைச் செய்தவள், நீ சொன்னால் நம்புவார்கள். எனக்கு எதுவும் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் அசையாமல் படுத்திருப்பேன். கத்தி என்மேல் படும்போது வாலுவுக்குத்தான் வலிக்கும். மயக்க மருந்தை அவளுக்குக் கொடுக்கச் சொல்.

தம்பி